செவி கைத்தாலும் கேட்க வேண்டும்

வாசகர் கேள்வி – பதில்

(இந்த இதழில் பதில் அளிப்பவர், ராணுவத் தளவாடப் பிரிவில் 28 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற சுபேதார். சொந்த ஊர் ராஜபாளையம் பக்கம்; இப்போது குன்னூரில் வசிக்கிறார்.)

கே: ஐயா, நீங்கள் உங்களைப் பழமைவாதி என்று சொல்லிக்கொள்கிறீர்கள். வலதுசாரிகள் தேசப் பாதுகாப்பு என்றாலே உரக்கப் பேசுவார்கள். நீங்கள் எப்படி? – ஒரு வாசகர், கோவில்பட்டி

ப: பழமைவாதி என்ற சொல்லில் எனக்குக் கூச்சமில்லை. முன்னோர் கட்டிக் காத்ததைப் பத்திரமாகப் பிள்ளைகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நாடும் அப்படி ஒப்படைக்க வேண்டிய சொத்துதான். ஆனால் உரக்கப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. என் வேலை அப்படிப்பட்டது. நான் துப்பாக்கி தூக்கிப் பேர் வாங்கியவன் அல்லன். ஸ்டோரில் லெட்ஜர் எழுதியவன்.

ஒன்று சொல்கிறேன். 1987ஆம் ஆண்டு, காஷ்மீரில் ஒரு கிடங்கில் இருந்தேன். ஜோஜி லா கணவாய் பனியில் மூடுவதற்குள் லடாக் பக்கம் குளிர்காலப் பொருள்கள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். லெட்ஜரில் பனிக் காலணி 600 ஜோடி இருப்பு என்று இருந்தது. ஏதோ உறுத்த, பெட்டிகளைப் பிரித்தேன். பெரும்பாலும் 10ஆம் எண், 11ஆம் எண். நம் தமிழ்ப் பையன்களுக்கும் கூர்க்காப் பையன்களுக்கும் வேண்டியது 6, 7, 8. அவை 90 ஜோடிகூடத் தேறவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்தது, கால்தான் நுழையாது. என் மேலாள், "கணக்கு நேராகிறது அல்லவா, பேசாமல் அனுப்பு" என்றார். மனம் ஒப்பவில்லை. மேஜரிடம் போய்ச் சொன்னேன். திட்டு விழும் என்று நின்றவனிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இரவு ஒன்பது மணிக்கு டார்ச் விளக்கோடு கிடங்குக்கு வந்தார். தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு காலணியின் அடிப்பக்கத்தையும் திருப்பி எண்ணைப் படித்தார். அன்றிரவே மேலிடத்துக்குச் செய்தி பறந்தது. பதினோராம் நாள் சின்ன அளவுகள் வந்து சேர்ந்தன.

தலைமை என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அந்த டார்ச் வெளிச்சம்தான் நினைவுக்கு வரும். நாட்டை ஆள்கிறவரையும் அதே அளவுகோலால்தான் அளக்கிறேன். கெட்ட செய்தி கொண்டுவருகிறவன் அவர் அறைக்குள் அச்சமின்றி நுழைய முடிகிறதா என்று பார்க்கிறேன்.

கே: 1962 தோல்விக்கு நேரு ஒருவரைப் பழிப்பது நியாயமா? – ஆசிரியர் ஒருவர், கும்பகோணம்

ப: ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. ஆனால் பிரதமர் என்ற முறையில் பெரும்பங்கு அவருடையதுதான்.

1950 நவம்பர் 7ஆம் தேதி சர்தார் படேல் நேருவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். திபெத்தில் சீனா நுழைந்துவிட்டது, இனி வடக்கு எல்லையை நாம் பழைய கண்ணோடு பார்க்கக் கூடாது, சாலையும் காவலும் உளவும் வேண்டும் என்று எச்சரித்தார். அடுத்த மாதம் 15ஆம் தேதி அவர் மறைந்துவிட்டார். சாகும் தறுவாயில் ஒரு மனிதர் இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறாரே என்று அதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கும்.

1959இல் ராணுவத் தளபதி திம்மையா, பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனோடு ஒத்துப்போக முடியாமல் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். நேரு சமாதானம் சொல்லித் திரும்பப் பெற வைத்தார். அதற்குப் பிறகாவது விழித்திருக்க வேண்டும். 1962இல் வடகிழக்கு எல்லையில் உள்ள தக்லா மேட்டிலிருந்து சீனர்களை அகற்று என்று உத்தரவு வந்தபோது, 33ஆவது கோர் என்ற பெரும்படைப்பிரிவின் தளபதி உம்ராவ் சிங், போதிய பொருள்கள் மலைக்குப் போய்ச் சேராமல் அது நடக்காது என்று சொன்னார். தளவாடக்காரனாகச் சொல்கிறேன், அந்தப் போரில் சொல்லப்பட்ட சொற்களிலேயே பொன்னான சொல் அதுதான். அதன் பலன், அந்தப் பகுதியே அவர் பொறுப்பிலிருந்து எடுக்கப்பட்டது. புதிதாக 4ஆவது கோர் உருவாக்கப்பட்டு, மேலிடத்தின் நம்பிக்கைக்குரிய பி.எம். கௌலிடம் கொடுக்கப்பட்டது. அக்டோபர் 12ஆம் தேதி இலங்கைக்குப் புறப்பட்ட நேரு, நம் மண்ணை மீட்கச் சொல்லி உத்தரவிட்டிருக்கிறோம் என்று நிருபர்களிடம் சொன்னார். அக்டோபர் 20ஆம் தேதி சீனத் தாக்குதல் தொடங்கியபோது, நம்கா சூ ஆற்றங்கரையில் நம் சிப்பாய்கள் பருத்திச் சீருடையோடும் கான்வாஸ் காலணியோடும் நின்றிருந்தார்கள். பத்தாயிரம் அடி உயரக் குளிருக்கு ஆளுக்கு ஒரு போர்வை. கையில் பழைய .303 துப்பாக்கி.

என் தரப்பின் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அன்று எதிர்க்கட்சியில் இருந்தவர்கள், ஓர் அங்குலமும் விடாதே என்று நாடாளுமன்றத்தில் முழங்கினார்கள். காலணி இருக்கிறதா, சாலை இருக்கிறதா என்று கேட்டவர்கள் குறைவு. அந்த முழக்கமும் நேருவை ஒரு மூலைக்குத் தள்ளியது. வீரவசனத்தின் விலையைச் சிப்பாய்தான் கட்டினான். லடாக்கின் ரெசாங் லா கணவாயில் நவம்பர் 18ஆம் தேதி மேஜர் ஷைத்தான் சிங்கோடு நின்ற 120 பேரில் 110 பேருக்கு மேல் அங்கேயே மடிந்தார்கள்.

தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் – பகத் அறிக்கை 1963இலேயே தயாரானது. எந்தக் கட்சி அரசும் இதுவரை அதை முறைப்படி வெளியிடவில்லை. என் விருப்பத்துக்குரிய கட்சியின் அரசும் வெளியிடவில்லை. அது தவறு.

கே: எங்கள் ஊர் ரயில் விபத்துக்காகப் பதவி விலகிய சாஸ்திரி, போர்க்காலப் பிரதமராக எப்படி இருந்தார்? – ஒரு வாசகி, அரியலூர்

ப: அம்மா, இந்தக் கேள்வி உங்கள் ஊரிலிருந்து வந்தது எனக்கு மிகுந்த நிறைவு. 1956 நவம்பர் 23 விடியற்காலை, மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்பு மகபூப்நகர் விபத்தின்போதே சாஸ்திரி ராஜினாமா கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு இரண்டாம் முறை கொடுத்து, விலகியேவிட்டார். பாலத்தை அவரா உடைத்தார்? இல்லை. ஆனாலும் அந்தத் துறை தன் தலையின்கீழ் இருக்கிறது என்பதை அவர் மறக்கவில்லை.

அதே மனிதர்தான் 1965 செப்டம்பரில், பாகிஸ்தான் படை ஜம்முவின் சாம்ப் பகுதியில் புகுந்து அக்னூரை நெருங்கியபோது, பஞ்சாபில் சர்வதேச எல்லையைக் கடந்து லாகூர் பக்கம் செல்லப் படைக்கு அனுமதி கொடுத்தார். செப்டம்பர் 6ஆம் தேதி படை எல்லையைத் தாண்டியது. குள்ளமான, மென்மையாகப் பேசுகிற அந்த மனிதரிடமிருந்து இப்படி ஒரு முடிவை எதிரி எதிர்பார்க்கவில்லை. தளபதிகள் கேட்டதைக் கவனமாகக் கேட்டார், கேட்டபின் தயங்கவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. திங்கட்கிழமை இரவு ஒருவேளை உணவை விடுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். எங்கள் வீட்டில் அம்மா திங்கள் மாலையே சாம்பலை அள்ளிவிட்டு அடுப்பைச் சாணியால் மெழுகிக் கோலம் போட்டுவிடுவார். மெழுகிய அடுப்பைப் பார்த்தால் எங்களுக்கும் சோறு கேட்க வாய் வராது. தான் கடைப்பிடிக்காததைச் சாஸ்திரி கேட்கவில்லை என்று ஊரே நம்பியது. தன் வீட்டில் முதலில் செய்து பார்த்துவிட்டே நாட்டைக் கேட்டார் என்று அப்பா சொல்வார்.

கே: எல்லையில் பதற்றம் இருக்கும்போது எதிர்க்கட்சி கேள்வி கேட்பது துரோகம் ஆகாதா? – சேலத்திலிருந்து ஒருவர்

ப: ஆகாது. 1962இல் போர் நடந்துகொண்டிருக்கும்போதே நாடாளுமன்றத்தைக் கூட்டச் சொல்லி வலியுறுத்தியவர்களில் இளம் வாஜ்பாயும் ஒருவர். நேரு மறுக்கவில்லை. நவம்பர் 8ஆம் தேதி கூட்டினார். கடும் விமரிசனத்தை உட்கார்ந்து கேட்டார். அவருடைய சீனக் கொள்கையை ஏற்காத நான், இந்த ஒரு செயலுக்காக அவரை வணங்குகிறேன். படை நகர்வு, ஆயுத இருப்பு போன்ற ரகசியங்களை மைதானத்தில் பேசக் கூடாது. மற்றதைக் கேட்கத்தான் வேண்டும்.

கே: உறுதியான தலைவர் என்றால் இந்திரா காந்திதானே? அவரை ஏன் உங்களைப் போன்றவர்கள் ஏற்பதில்லை? – கல்லூரி மாணவி, சென்னை

ப: 1971இன் இந்திராவை முழு மனதோடு ஏற்கிறேன், மகளே. அந்த ஏப்ரலில் அமைச்சரவைக் கூட்டத்தில் கிழக்கு வங்கத்துக்குள் படை போக வேண்டும் என்று பேச்சு எழுந்தபோது, இப்போது முடியாது, போனால் தோற்போம் என்று ராணுவத் தளபதி மானெக்‌ஷா சொன்னார். மழைக்காலம் வரப்போகிறது, டாங்கிகள் தயாராக இல்லை, அவகாசம் வேண்டும் என்றார். பதவி விலகவும் தயார் என்றார். இது மானெக்‌ஷாவே பிற்காலத்தில் பலமுறை சொன்னது. அகதிகள் லட்சக்கணக்கில் வந்துகொண்டிருந்த நேரம். அப்படிப்பட்ட நெருக்கடியில் "முடியாது" என்ற சொல்லைக் கேட்டு, அதைச் சொன்னவரையே நம்பிக் காத்திருந்தார் அந்த அம்மையார். டிசம்பர் 3ஆம் தேதி தொடங்கிய போர் 16ஆம் தேதி டாக்காவில் முடிந்தது. 93,000 பேர் சரணடைந்தார்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து அதே தலைவர் நெருக்கடி நிலையை அறிவித்தார். பத்திரிகைக்குத் தணிக்கை, எதிர்த்தவருக்குச் சிறை. கெட்ட செய்தி வருகிற வாசல்கள் எல்லாம் அடைபட்டன. 1977இல் ரேபரேலியில் அவரே தோற்றார். ஒரே மனிதர்தான், கேட்டபோது வென்றார், கேட்காதபோது வீழ்ந்தார்.

கே: ராஜாஜியை வலதுசாரி என்கிறோம். அணுகுண்டை எதிர்த்து அமெரிக்கா வரை போனாரே? – பொன்னமராவதி வாசகர்

ப: போனார். 1962 செப்டம்பரில், 83 வயதில், வெள்ளை மாளிகையில் கென்னடியைச் சந்தித்து அணுச் சோதனையைக் கைவிடச் சொன்னார். குறித்த நேரத்தையும் தாண்டிப் பேச்சு நீண்டது. லைசென்ஸ், பர்மிட் ஆட்சியை எதிர்த்துச் சுதந்திராக் கட்சி கண்ட அதே ராஜாஜிதான். அரசிடம் அளவுக்கு மீறிய அதிகாரம் குவியக் கூடாது என்று நினைத்தவர், ஒரு பொத்தானில் உலகையே அழிக்கும் அதிகாரத்தை மட்டும் எப்படி ஏற்பார்? இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

நான் இதில் அவரோடு உடன்படவில்லை. இருபுறமும் அணுகுண்டு வைத்திருக்கும் அண்டை நாடுகள் அமைந்தபின், 1998 மே மாதப் பொக்ரான் சோதனை தேவைப்பட்டது என்றே நினைக்கிறேன். ஆனால் முதலில் பயன்படுத்த மாட்டோம் என்று இந்தியா சொல்லிவைத்திருக்கும் கட்டுப்பாட்டைக் கைவிடச் சொல்கிறவர்களைக் கண்டால், அந்தக் கிழவரின் பயணத்தை நினைவூட்டத் தோன்றுகிறது.

கே: பாதுகாப்பில் தவறு நடந்தால் யார் பொறுப்பேற்க வேண்டும்? மார்கரெட் தாட்சர் பதவி விலகவில்லையே? – சிங்கப்பூர் வாசகர்

ப: தாட்சர் விலகவில்லை. ஆனால் அவருடைய வெளியுறவு அமைச்சர் கேரிங்டன் பிரபு விலகினார். செலவைக் குறைக்க வேண்டும் என்று 1981இல் அவர்கள் அரசு, தென் அட்லாண்டிக்கில் தங்கள் ஆட்சியில் இருந்த ஃபாக்லாந்துத் தீவுகள் பக்கம் சுற்றிவந்த எண்டூரன்ஸ் என்ற கப்பலைத் திரும்பப் பெற முடிவு செய்தது. அந்தத் தீவுகளுக்கு உரிமை கோரிவந்த அர்ஜென்டினா அதைப் பலவீனத்தின் அடையாளமாகப் படித்தது. வேண்டாம் என்று பாதுகாப்புத் துறைக்கு எழுதியவர் கேரிங்டன். 1982 ஏப்ரல் 2ஆம் தேதி தீவு பறிபோனது. 5ஆம் தேதி அவர் விலகினார். எச்சரித்தவரே பொறுப்பேற்றதை எண்ணிப் பாருங்கள். அந்தத் தீவை மீட்க 255 பிரிட்டிஷ் வீரர்கள் உயிரைக் கொடுத்தார்கள். ஒரு கப்பலின் செலவை மிச்சப்படுத்தப் போய் வந்த வினை அது. அந்த அரசை நடத்தியது பழமைவாதக் கட்சிதான் என்பதையும் என் நண்பர்கள் மறக்க வேண்டாம்.

கே: பீரங்கி ஊழல்கள் பற்றி? – திருச்சி வாசகர்

ப: ஊழலைவிட, ஊழலுக்குப் பிந்திய அச்சம் அதிகக் கேடு செய்தது. 1986இல் 410 போஃபர்ஸ் பீரங்கிகள் வாங்கினோம். ஊழல் புகாருக்குப் பிறகு எந்த அமைச்சரும் கையெழுத்துப் போடத் துணியாமல், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் புதிய கனரகப் பீரங்கி வாங்காமலே கழிந்தன. 1999 கார்கிலில் மலையுச்சியைக் குறிவைத்து முழங்கியதும் அதே போஃபர்ஸ்தான். கையில் இருப்பதைக் கொண்டு போரிடுவோம் என்று தளபதி மாலிக் சொன்னார். நான் அப்போது பணியில் இருந்தேன். அந்த வார்த்தை எங்கள் கிடங்குக்குள் நுழைந்தபோது, லெட்ஜர் எழுதிய ஒவ்வொருவனும் தலை குனிந்தான்.

வாஜ்பாய் அரசு அந்தப் போர் முடிந்த மூன்றாம் நாளே, திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமையில் ஆய்வுக் குழு அமைத்தது. சில பகுதிகளை மறைத்தாலும் அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைத்தது. 1962இல் செய்யத் தவறியதைச் செய்தது.

கே: மானெக்‌ஷாவின் இறுதிச் சடங்குக்குப் பெரிய தலைவர்கள் வரவில்லை என்பது உண்மையா? – ஈரோடு வாசகர்

ப: உண்மை. 2008 ஜூன் 27ஆம் தேதி எங்கள் குன்னூர் அருகே உள்ள வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். பிரதமரோ, குடியரசுத் தலைவரோ, பாதுகாப்பு அமைச்சரோ வரவில்லை; இணையமைச்சர் வந்தார். பதவி வரிசைப் பட்டியலில் ஃபீல்டு மார்ஷலுக்கு இடம் இல்லை என்று பிறகு யாரோ விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கத்தை என்னால் இன்றும் விழுங்க முடியவில்லை.

நான் சாலையோரம் நின்றிருந்தேன். என் பக்கத்தில் நின்ற காய்கறிக்கடைக்காரர் கூடையைக் கீழே வைத்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வண்டி வளைவில் மறையும் வரை அவர் கூடையைத் தொடவில்லை. மானெக்‌ஷா ஊட்டியில் பார்சிக் கல்லறைத் தோட்டத்தில், மனைவி சில்லூவுக்கு அருகில் இருக்கிறார். ஈரோட்டிலிருந்து மேட்டுப்பாளையம் வழியாக மலையேறினால் அரை நாள் பயணம். ஊட்டிக்கு வந்தால் ஏரியோடு திரும்பிவிடாமல், அங்கேயும் ஒரு நடை போய்வாருங்கள்.