கடலரிப்பு: புதுச்சேரியிலிருந்து காலாப்பட்டு வரை – கேள்வி பதில்

கேள்வி: புதுச்சேரி கடற்கரை மணல் எங்கேதான் போனது?

பதில்: நம் கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவத்தில் வடக்கே போகும், வாடைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக இரண்டு கல் கரைகளைக் கடலுக்குள் நீட்டினார்கள். மணல் தெற்கே தேங்கியது, வடக்கே நகரக் கரைக்கு வரத்து நின்றது. தேங்கும் மணலை வாரி வடக்கே தள்ள வேண்டும் என்பது துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. அது ஒழுங்காக நடக்கவில்லை. என் வருத்தமெல்லாம் அதில்தான்.

கேள்வி: எங்கள் குப்பத்துக்குத் தூண்டில் வளைவு கேட்டு மனு கொடுக்கலாமா?

பதில்: அதற்கு முன் உங்களுக்கு வடக்கே இருக்கும் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் பேசுங்கள். தூண்டில் வளைவு என்பது மணலைப் பிடிக்கக் கடலுக்குள் வளைத்துப் போடும் கல் கரை; அது உங்களுக்குப் பிடித்துக் கொடுக்கும் மணல் அவர்களுக்கு வர வேண்டியது. புதுச்சேரிக்கு வடக்கே பொம்மையார்பாளையம் பக்கம் போய்ப் பாருங்கள், தென்னை வேர் மண்ணில்லாமல் தொங்கும்.

கேள்வி: கருங்கல் கொட்டினால்?

பதில்: கல்லுக்குப் பின்னால் இருக்கும் வீடு தப்பும். முன்னால் இருக்கும் மணல் போய்விடும். அப்புறம் ஃபைபர் படகை எங்கே ஏற்றுவீர்கள்?

கேள்வி: எங்கள் ஊருக்கும் வளைவு வருமா?

பதில்: மேலே சொன்னதுதான். வடக்கே யார் இருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: புதுச்சேரி செய்த தப்புக்கு விழுப்புரம் மாவட்டம் ஏன் அழிய வேண்டும்? (உடனே புதுச்சேரி சோலை நகர்க்காரர் ஒருவர்: "எங்கள் கரை மட்டும் போகவில்லையா?")

பதில்: இருவர் சொல்வதும் நியாயம். கோட்டக்குப்பம் தமிழ்நாடு, காலாப்பட்டு மறுபடி புதுச்சேரி, அதைத் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. மணலுக்கு இந்த எல்லை தெரியாது. ஓர் அரசு வளைவு போட, இன்னோர் அரசு அடுத்த ஊரில் கல் கொட்ட, அரிப்பு வடக்கே நகர்ந்துகொண்டே போகிறது. இரண்டு அரசும் மீனவப் பஞ்சாயத்துகளும் சேர்ந்து இந்தக் கரை முழுவதற்கும் ஒரே திட்டம் போட்டாக வேண்டும். தெண்டி, அதாவது தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டம், எப்போது வலுக்கும் என்று கடலில் இறங்குகிறவருக்குத்தான் தெரியும்; அவரைக் கடைசியில் கூப்பிடக் கூடாது.

கேள்வி: இடிந்த வீட்டுக்கு இழப்பீடு?

பதில்: தாசில்தார் அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: புதுச்சேரி தலைமைச் செயலகம் எதிரே மணல் திரும்பியதே, அது எப்படி?

பதில்: 2018இல் அங்கே கடலுக்குள் ஆப்பு வடிவில் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்தார்கள். அலை அதில் மோதி வேகம் குறைந்தது, மணல் தங்கியது. நல்ல வேலை. ஆனால் துறைமுகத்துக்குத் தெற்கே தேங்கும் மணலை வருடா வருடம் வடக்கே தள்ளும் வேலை இன்னும் பாக்கி. அதைக் கேட்டு மனு கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.