கடைசி டாலர்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 41. கிரீன் கார்டு உண்டு. ஆறு வருடமாக மிச்சிகனில் இருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. வேலை போய் எட்டு மாதம். ‘மிச்சிகன் ரீகனெக்ட்’ என்ற மாநில அரசு உதவியில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடக் கல்லூரி) சேர ஆசை. முன்பு சம்பளம் அதிகம் என்பதால் ஃபாஃப்ஸா (மத்திய அரசின் கல்வி உதவிக்கான விண்ணப்பம்) நிரப்பவில்லை. இந்த வயதில் படிப்பு ஏறுமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ஏறும். அந்தக் கேள்வியை விடுங்கள். 2021இல் தொடங்கிய ரீகனெக்டே 25 வயது நிரம்பியவர்களுக்கானதுதான்.

ஃபாஃப்ஸாவை நீங்களாகவே ஒதுக்கியதுதான் என்னைக் கோபப்படுத்துகிறது. அது இல்லாமல் ரீகனெக்டும் கிடையாது. அந்தப் படிவம் இரண்டு வருடம் முந்தைய வருமானத்தைப் பார்க்கும்; உங்கள் வேலை போனது அதற்குத் தெரியாது. நிரப்பி அனுப்பிவிட்டு, கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் ‘புரொஃபஷனல் ஜட்ஜ்மென்ட்’ கேளுங்கள்; அதாவது, இப்போதைய நிலைமையை வைத்து உங்கள் கணக்கை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பணிநீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, வேலையில்லாதோர் உதவித்தொகைக் கடிதம் மூன்றையும் கொண்டு போங்கள். அவர்கள் வருமானத்தைத் திருத்தினால், வருமானம் குறைந்த மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் பெல் கிராண்ட் வரக்கூடும். அவர்கள் மறுத்தால் கல்லூரிக்கு மேலே முறையிட இடமில்லை. அதனால் முதல் தடவையே காகிதம் முழுசாக இருக்கட்டும்.

உதவியை விரிவாக்குவது என்றாலே வயது வரம்பைக் குறைப்பதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எந்தப் பணம் முதலில் போகிறது என்று அதிகம் பேர் கேட்பதில்லை. ரீகனெக்டும் டென்னசி மாநிலத்தின் இதே மாதிரித் திட்டமும் ‘லாஸ்ட் டாலர்’, அதாவது கடைசி டாலர் வகை: பெல் போக மிஞ்சிய கட்டணத்தை மட்டும் மாநிலம் கட்டும். வருடக் கட்டணம் 4,000 டாலர் என்று வையுங்கள். முழு பெல், 2025-26 கணக்கில், 7,395. ஏழை மாணவிக்கு மாநிலம் தருவது பூஜ்யம். பெல்லிலேயே கட்டணம் போய், கையில் 3,395. பெல் கிடைக்காத நடுத்தரக் குடும்பத்தவருக்கோ மாநிலம் 4,000 கட்டுகிறது. மாநிலம் முதலில் கட்டியிருந்தால் அந்த ஏழைப் பெண்ணிடம் 7,395 முழுசாக நிற்கும். புத்தகம், பெட்ரோல், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் எல்லாம் அதிலிருந்துதானே வர வேண்டும்? வயது வந்தவர்கள் பாதியில் நிற்பது பாடம் புரியாததால் மட்டுமல்ல, கார் ரிப்பேராலும்தான்.

அப்படி நிற்பதிலும் செலவு உண்டு. செமஸ்டரில் 60 சதவீதம் முடியும் முன் எல்லா வகுப்பையும் விட்டால் பெல்லில் ஒரு பகுதி திரும்பப் போகும். கல்லூரி உங்களுக்கு பில் அனுப்பலாம். 15 வாரப் பருவத்தில் அது ஏறக்குறைய ஒன்பதாவது வாரம். விட்டே ஆக வேண்டுமென்றால், அந்தத் தேதியை அலுவலகத்தில் கேட்டுவிட்டு விடுங்கள்.