யாரிடம் கேட்டு நட்டார்கள்?

ஐயா, மட்டக்களப்பு மாவட்டத்தின் வாகரைப் பக்கம் களப்பு (கடலோர வாவி) பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் வேலை செய்கிறேன். கனடாவின் மிக்மாக் முதியவர் அல்பேர்ட் மார்ஷல் 2004இல் முன்வைத்த ‘இரு கண் பார்வை’ பற்றிப் படித்தேன். ஒரு கண்ணால் பழங்குடி அறிவையும் மறு கண்ணால் மேற்கத்திய விஞ்ஞானத்தையும் பார்த்து, இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது. நம் முன்னோருக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது, விஞ்ஞானம்தான் கெடுத்தது என்று படுகிறது. இங்குள்ள பழங்குடியினரான வேடர்களிடமும் மீனவர்களிடமும் தகவல் திரட்டப் படிவம் ஒன்று செய்திருக்கிறேன், இணைத்துள்ளேன். இதுபற்றித் தமிழில் எதை வாசிக்கலாம்?
ஒரு வாசகி, வாழைச்சேனை

அன்புள்ள மகள்,

படிவத்தைக் கடைசிப் பக்கம்வரை பார்த்தேன். மூலிகை, தேன் எடுக்கும் காலம், சடங்கு எல்லாம் கேட்டிருக்கிறீர்கள். உப்புநீரில் வளரும் கண்டல் மரத்தை எங்கே நடலாம், எங்கே நடக்கூடாது, வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை எப்போது வெட்டலாம் என்று ஒரு கேள்வி இல்லை. கதை அவர்களிடம், முடிவு கச்சேரியில், அரச அலுவலகத்தில். இதற்கா இரண்டு கண்?

முன்னோருக்கு எல்லாம் தெரியுமாம். விடுங்கள். கண்ணுக்குத் தெரியாத நைலோன் இழையில் செய்த தங்கூசி வலை போட்டுக் குஞ்சுமீனையும் அள்ளுகிறவர்கள் நம் ஆட்கள்தான்.

சுனாமிக்குப் பிந்திய வருடங்களில் கரையெல்லாம் கண்டல் நடும் பித்து. எங்கள் மட்டக்களப்பு வாவிக்கரைக்கும் ஒரு நிறுவனம் வந்தது. பந்தல், பதாகை, வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள். வீச்சுவலைக்காரரான என் மாமா தோணியை ஒதுக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். “இதுக்குள்ள நிக்காது மனே. மாரியில முகத்துவாரம் அடைபட்டுக் கிடந்தா இந்த இடம் கழுத்தளவு தண்ணி. மேல, கண்ணா மரம் நிக்கிற பக்கம் போகச் சொல்லு.” போய்ச் சொன்னேன். திட்டம் அனுமதியாகிவிட்டதாம், வரைபடத்தில் குறித்த இடத்தில்தான் நடலாமாம். அந்த மாரியோடு கன்றுகள் போயின.

மாமா சொன்னதில் மந்திரம் எதுவும் இல்லை. கண்டல் உப்பைத் தாங்கும், கன்றாக இருக்கையில் மூழ்கியே கிடப்பதைத் தாங்காது. அவ்வப்போது தண்ணீர் வடிந்து காற்றுப் பட வேண்டும். நம் கரையில் கடலின் வற்றுப்பெருக்கு ஒரு மீட்டருக்கும் குறைவு. மாரியில் வாவியின் மட்டம் ஏறுவதும் இறங்குவதும் மழையையும், பாலமீன்மடுவில் மண்மேடிடும் முகத்துவாரத்தையும் பொறுத்தது. தினமும் அதற்குள் இறங்கி நிற்கிறவனுக்கு இது தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

2017இல் இலங்கை, பெல்ஜிய ஆய்வாளர்கள் இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ந்து எழுதினார்கள். 1000 முதல் 1200 ஹெக்டேயரில் நட்டதில் தேறியது 200 முதல் 220 வரை. 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பொருந்தாத இனத்தைப் பொருந்தாத மட்டத்தில் நட்டது முக்கிய காரணம். மாமா சொன்னதேதான், ஆனால் நட்ட பிறகு வந்தது. அதற்காக அந்த ஆய்வைப் பழிக்காதீர்கள். மாமாவுக்குத் தன் கரை தெரியும். நாடெங்கும் இதே கூத்துத்தான் என்று எண்ணிக் காட்ட அவரால் முடிந்திராது.

வேடர் கதையும் இதுதான். 1983இல் மாதுறு ஓயாக் காடு தேசியப் பூங்காவானது. தம்பானை வேடர்களை ஹெனானிகலவுக்குக் குடிபெயரச் சொன்னார்கள். காட்டை அறிந்தவர்கள் காட்டுக்குள் அத்துமீறுகிறவர்கள் ஆனார்கள். இப்போது வேடரிடம் படிவம் நீட்டுகிறோம்.

அனுமதிக்கு அனுப்புமுன் வரைபடத்தைத் தமிழில் அச்சடித்து மீனவர் சங்கத்தில் விரித்து வையுங்கள், மகள். அவர்கள் வேண்டாம் என்கிற இடத்தை அழிக்க உங்களுக்கு அதிகாரம் உண்டா என்று மேலதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் அந்தப் படிவத்தோடு யாருடைய வாசலுக்கும் போகாதீர்கள்.

வாசிக்கப் புத்தகம் கேட்டிருந்தீர்கள். அது இன்னொரு நாள்.