சின்ன வேலைக்குப் பெரிய அயர்ன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நீலகிரி மலை ரயில் பெட்டி ஒன்றை 45 மி.மீ. தண்டவாளத்துக்கு ஏற்ற அளவில் மரத்தில் செய்துவருகிறேன். கைப்பிடிக் கம்பி, ஏறும் படி, பிரேக்மேன் மேடையின் கம்பித் தடுப்பு எல்லாவற்றையும் பித்தளையில் செய்ய ஆசை. ரேடியோ வேலைக்கு வாங்கிய 25 வாட் சால்டரிங் அயர்னால் பற்றவைத்தால் ஈயம் உருண்டையாக நிற்கிறது. தப்பித்தவறி ஒட்டினாலும், பக்கத்தில் அடுத்ததை வைக்கும்போது முதலில் வைத்தது கழன்று விழுகிறது. எங்கே தப்பு? (குன்னூர் வாசகர்)

பதில்: அயர்னில்தான் தப்பு. பொருள் சின்னது, அயர்னும் சின்னதாகப் போதும் என்று நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். விஷயம் தலைகீழ். பித்தளை சூட்டைச் சட்டென்று கடத்திவிடும், 25 வாட் முனை கொடுப்பதையெல்லாம் வாங்கிக் கம்பி முழுக்கப் பரப்பிவிடும், அதனால் பற்றவேண்டிய இடம் சூடேறும் வரைக்கும் நீங்கள் அரை நிமிடம் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பீர்கள், அந்த அரை நிமிடத்தில் பக்கத்து இணைப்பும் இளகிவிடும். வெள்ளீயம் 60, காரீயம் 40 கலந்த சாதாரண சால்டர் 190 டிகிரி செல்சியஸ் வாக்கில் முழுசாக உருகிவிடும். அந்தச் சூடு பற்றுகிற இடத்துக்கு வேகமாக வந்து வேகமாகப் போக வேண்டும். 60 அல்லது 80 வாட் அயர்ன், உளி மாதிரித் தட்டையான முனை, இரண்டு விநாடி தொட்டு எடுத்துவிடுங்கள்.

முன்பெல்லாம் தெருவில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் வருவார், பார்த்திருப்பீர்கள். முதலில் பாத்திரத்தைத்தான் சூடாக்குவார். நவச்சாரத்தைத் தூவுவார், ஈயத்தை லேசாகத் தொட்டுத் துணியால் ஒரு இழுப்பு, உள்பக்கம் முழுக்க வெள்ளையாக ஓடிவிடும். நம் வேலையும் அதேதான். ஈயத்தை அயர்னில் உருக்கிக் கொண்டுபோய் அப்பக் கூடாது, பித்தளை சூடாகி ஈயத்தைத் தானே இழுத்துக்கொள்ள வேண்டும். உருண்டையாக நிற்கிறது என்றால் ஒன்று சூடு போதவில்லை, இல்லை அழுக்கு இருக்கிறது. 400 நம்பர் எமரி பேப்பரால் தேய்த்துவிட்டு அந்த இடத்தை விரலால் தொடாதீர்கள், வியர்வை பட்டாலே போச்சு. அப்புறம் ஃப்ளக்ஸ், அதாவது ஈயம் நன்றாக ஓட முன்கூட்டியே தடவுகிற பூச்சு. துத்தநாகம் கரைத்த ஆசிட் அருமையாக ஓடும், ஆனால் சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டு நன்றாகக் கழுவியே ஆக வேண்டும். நான் சோம்பேறித்தனமாகத் துணியால் துடைத்ததோடு விட்ட ஒரு படிக்கட்டு, பெயின்ட் அடித்த ஆறு மாதத்தில் பச்சை பூத்து உரிந்தது.

கழன்று விழுவதற்கு நகை ஆசாரிமார் வழி இருக்கிறது. உருக அதிகச் சூடு கேட்கும் பொடியை (பற்றவைக்கிற உலோகக் கலவை) முதல் இணைப்புக்கும், குறைந்த சூட்டில் உருகுவதைக் கடைசி இணைப்புக்கும் வைப்பார்கள். டார்ச் இருந்தால் நீங்களும் முதல் இணைப்பை வெள்ளி கலந்த பற்றில் போடலாம், அது உருக 600 டிகிரிக்கு மேல் வேண்டும், அதற்குப் பிறகு அயர்ன் அதை ஒன்றும் செய்யாது. டார்ச் இல்லையா, ஏற்கெனவே பற்றிய இடத்தில் ஈரத் துணி சுற்றுங்கள், போதும்.

கைப்பிடிக் கம்பிக்கு வருவோம். நீலகிரி ரயில் மீட்டர் கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் 1,000 மி.மீ., அதை 22.5 ஆல் வகுத்தால் 44.4, நீங்கள் 45 மி.மீ. தண்டவாளம் போட்டிருப்பதால் 1:22.5 அளவுதான். 25 மி.மீ. தடிமனுள்ள நிஜக் கம்பிக்கு நம் கணக்கில் 1.1 மி.மீ. வரும், 1 மி.மீ. கம்பி சரியாக இருக்கும். தாங்கிகளுக்கு 0.5 மி.மீ. கம்பியை 1 மி.மீ. ட்ரில் பிட் மேல் ஒரு சுற்று சுற்றி, இரண்டு முனையையும் பிளையரால் பிடித்து முறுக்குங்கள், தலையில் அழகாக ஒரு கண் நிற்கும். கம்பியை அந்தக் கண்களில் கோர்த்துவிடுங்கள். ஆனால் பெட்டி மேலேயே வைத்துப் பற்றவைத்தால் மரம் கருகும். பெட்டியில் துளை போடும்போதே அதே இடைவெளியில் ஒரு வேண்டாத பலகையிலும் துளை போட்டு, அதில் நிற்கவைத்துப் பற்றி, கழுவி, பிறகு பெட்டியில் செருகி அரால்டைட் பசை வைத்துவிடுங்கள். கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் அட்டைத் துண்டு ஒன்றைச் சொருகிக்கொண்டால் எல்லாக் கைப்பிடியும் ஒரே உயரத்தில் நிற்கும். குன்னூரிலேயே இருக்கிறீர்கள், அளவுக்குப் படத்தை நம்ப வேண்டாம். ஸ்டேஷனில் அனுமதி கேட்டு, நிற்கிற பெட்டியில் டேப் வைத்து அளந்துவிடுங்கள். எனக்கெல்லாம் அந்தக் கொடுப்பினை இல்லை.

கேள்வி: சுருளாக வாங்கிய பித்தளைக் கம்பியை எவ்வளவு நிமிர்த்தினாலும் நெளிவு போகவில்லையே? (மதுரை வாசகர்)

பதில்: விரலால் நிமிர்த்தினால் போகாது. ஒரு முனையை வைஸில் இறுக்கி, மறு முனையைப் பிளையரால் பிடித்து ஒரே இழுப்பு. கம்பி லேசாக நீள்வது கையில் தெரியும், அங்கே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: நீலகிரி ரயிலுக்காகச் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த பழைய எக்ஸ் வகுப்பு நீராவி இன்ஜினின் மாடலில், தண்ணீர்த் தொட்டிக்கு ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணிகளின் உருண்டைத் தலை) வைக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பற்றவைக்கப் பொறுமை இல்லை. (கோவை வாசகர்)

பதில்: பற்றவைக்கவே வேண்டாம், பின்பக்கத்திலிருந்து குத்தினால் போதும். 0.2 மி.மீ. தகட்டைக் கெட்டி ரப்பர் மேல் கவிழ்த்து வைத்து, முனை மழுக்கிய ஆணியை ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி நிறுத்தி, ஒரே பலத்தில் சுத்தியலால் ஒரு தட்டு. எத்தனை ரிவெட், எவ்வளவு இடைவெளி என்பதைப் புகைப்படத்தில் எண்ணிப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். தகட்டை முதலிலேயே அளவாக வெட்டிவிடாதீர்கள். வரிசையாகக் குத்தக் குத்த அது சுருளும், ஓரமும் கோணும். பெரிய தகட்டில் குத்தி, நிமிர்த்தி, பிறகு வெட்டுங்கள். பின்னால் 0.5 மி.மீ. தகடு ஒன்றைச் சேர்த்துப் பற்றினால் தொட்டி நெளியாது. அதற்கும் பெரிய அயர்ன்தான்.

கேள்வி: வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. ஈயப் புகை ஆபத்து என்று மனைவி திட்டுகிறாள்.

பதில்: திட்டுவதில் பாதி நியாயம் இருக்கிறது. அயர்ன் சூட்டுக்குக் காரீயம் ஆவியாகிப் போவதில்லை, மேலே வருவது ஃப்ளக்ஸ் புகை, அது கண்ணையும் மூச்சையும் எரிக்கும். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள். காரீயம் உள்ளே போவது கை வழியாகத்தான். சாப்பாட்டு மேஜையில் இந்த வேலை வேண்டாம், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள். தரையில் விழுந்த ஈயத் துணுக்கை ஈரத் துணியால் துடைத்து எடுங்கள், பெருக்கினால் தூளாகப் பரவும்.