சொகுசுக் கப்பல் பினாங்கில் சில மணி நேரமே நின்றால் எதைப் பார்க்கலாம்?

கிருஷ்ணகிரியிலிருந்து வயதான பெற்றோரைச் சிங்கப்பூர் வழியாகக் கப்பலில் அழைத்துச் செல்வதாகவும், மலேசியாவின் பினாங்குத் தீவில் கிடைக்கும் ஐந்தாறு மணி நேரத்தில் பினாங்கு மலை ரயிலில் ஏறிவர முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். ரயில் நிலையம் துறைமுகத்திலிருந்து தள்ளி ஆயர் ஈத்தாமில் இருப்பதால், சாலை நெரிசலிலும் வரிசையிலுமே பாதிப் பொழுது கழிந்துவிடும்.

மாறாக, கப்பல் அணையும் ஸ்வெட்டன்ஹாம் துறையை ஒட்டியுள்ள, 2008இல் உலகப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஜார்ஜ் டவுனில் கார்ன்வாலிஸ் கோட்டையைப் பார்த்துவிட்டு, குவீன் தெருவில் 1833இல் எழுப்பப்பட்ட மகாமாரியம்மன் கோயிலுக்கு, நடை சாத்துவதற்குள் பொடிநடையாகவே சென்றுவிடலாம். சுற்றிலும் லிட்டில் இந்தியா என்பதால், வாழையிலைச் சாப்பாட்டுக்கும் தமிழில் வழி கேட்பதற்கும் பெற்றோர் சிரமப்பட மாட்டார்கள்.

கப்பல் புறப்படும் நேரத்துக்கு முன்பாகவே பயணிகள் ஏறியாக வேண்டிய நேரம் முடிந்துவிடும். தனியாகச் சுற்றப் போய்த் தாமதித்தவர்களுக்காகக் கப்பல் பொதுவாகக் காத்திருப்பதில்லை. ஓசூர் பேருந்தைப் போலக் கைகாட்டி நிறுத்தவும் இயலாது.