பதில்: எல்லோ லேப் முட்டையை 5 நாளில் விழுங்கிவிடுகிறது

வணக்கம் நண்பரே. கோலாலம்பூர் செந்தூலில் 3 அடித் தொட்டி, ஓர் ஆண், இரண்டு பெண், தினமும் இரத்தப்புழு என்று எழுதியிருந்தீர்கள்.

எல்லோ லேப் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த மஞ்சள் மீன்; பெண் முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாக்கும். முதல் இரண்டு முறை பெண் அவற்றை விழுங்குவது சகஜம், அதை விடுங்கள். மூன்றாவது முறையும் 5 நாளுக்குள் வாய் காலியானால், முட்டை கருவுறவில்லை அல்லது ஆண் ஓயாமல் விரட்டுகிறது என்று பொருள். எல்லோ லேப்பில் ஆண் பெண் நிறம் ஒன்றே. உங்கள் 'ஆண்' உண்மையில் ஆண்தானா என்று அடிவயிற்றுத் துவாரத்தைப் பாருங்கள். பெண்ணுக்குத்தான் துவாரம் பெரிதாக இருக்கும். ஓர் ஆணுக்கு நான்கு பெண்ணாவது வேண்டும், கற்குகைகளும் நிறைய வேண்டும்.

நம் குழாய்த் தண்ணீர் மென்மையானது. இந்த மீனின் தாயகமான மலாவி ஏரியின் பிஎச் (நீரின் அமில-கார அளவு) 7.7 முதல் 8.6 வரை. நொறுக்கிய பவளம் 1 கிலோவை வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வையுங்கள், பிஎச் மெல்ல ஏறும். சமையல் சோடாவைக் கொட்டி ஒரே நாளில் ஏற்றாதீர்கள்.

இரத்தப்புழுவை நிறுத்துங்கள். ஏரியில் இந்த மீன் பாறை இடுக்குகளில் சிறு பூச்சி, நத்தைகளைப் பொறுக்கும். கொழுத்த தீனி வயிறு வீக்கத்தில்தான் முடியும். ஸ்பைருலினா (ஒருவகைப் பாசி) குருணை போதும்.

முட்டையிட்ட 18ஆம் நாள், விளக்கணைத்த பிறகு, பெண்ணை ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடும் தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். முன்னதாகப் பிடித்தால் பயத்தில் துப்பிவிடும்.