லெவல் ஏற்றிக் கை ஓய்ந்தவர்கள் கேட்கலாம்

பதினைந்து வருடமாக நாகர்கோவிலில் உட்கார்ந்து ஆன்லைன் ரோல்பிளேயிங் கேம்களில் கிரைண்ட் செய்கிறவன் நான். கிரைண்ட் என்றால் லெவல் ஏற ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது. அந்த அலுப்பைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இதோ.

தக்கலை: அண்ணே, ரூன்ஸ்கேப்பில் மீன்பிடிப்பில் லெவல் 92 வந்துட்டேன். 99க்கு ஏழுதானே, கிறிஸ்துமஸ் லீவுக்குள் முடியுமா?

ஏழுதானே என்று நினைத்தால் தொலைந்தாய் தம்பி. 99க்கு வேண்டியது 1,30,34,431 எக்ஸ்பி (லெவல் ஏற்றும் அனுபவப் புள்ளி). 92ல் உன் கையில் இருப்பது சுமார் 65 லட்சம், அதாவது பாதிதான். சென்னையிலிருந்து வருகிற ரயில் திருச்சியில் நிற்கும்போதே பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் நிற்கிறாய்.

குலசேகரம்: கேமில் ஒரு அரக்கனைக் கொன்றால் நூற்றுக்கு ஒரு முறை விழும் என்று போட்ட வாள், 140 முறை கொன்றும் வரவில்லை. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. உங்களைப் போல 140 முறை கொன்றும் வெறுங்கையோடு நிற்பவர் ஏறக்குறைய நான்கில் ஒருவர். ஒவ்வொரு முறையும் கணக்கு புதிதாகத்தான் தொடங்கும், பழைய 139 அதற்குத் தெரியாது (சில கேம்களில் இத்தனை முறைக்குள் கண்டிப்பாகத் தருவோம் என்று வைத்திருக்கிறார்கள், அது வேறு). உங்கள் ஊரில் ரப்பர் மரத்தைக் கீறினால் சிரட்டையில் கொஞ்சமாவது பால் சொட்டும். இங்கே அடுத்த வெட்டில் வரும் என்ற நப்பாசைதான் கூலி.

மார்த்தாண்டம்: ஒரே பன்றியை மணிக்கணக்கில் அடிக்கிறான் என் மகன். இதில் என்ன சந்தோஷம்?

அக்கா, அவன் காதில் ஹெட்போன் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் கூட்டாளிகளோடு கதையடித்துக்கொண்டிருப்பான். குளச்சல் கரையில் வலையைச் சரிசெய்கிறவர்களைப் பார்த்திருப்பீர்களே, கை வலையில், வாய் கதையில். சாப்பாடும் தூக்கமும் கெட்டால் மட்டும் கண்டியுங்கள்.

குளச்சல்: கேம் செய்கிறவர்கள் வேண்டுமென்றேதான் ஆட்டத்தை இப்படி இழுக்கிறார்களா?

பாதி ஆமாம். அவர்கள் மாதக்கணக்கில் செய்கிறதை நாம் நாலு நாளில் முடித்துவிடுவோம், மாதச் சந்தா வாங்குகிற கேம் என்றால் இழுத்துத்தானே ஆகவேண்டும். 2004ல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கதை எனக்குப் பிடிக்கும். சோதனைக் காலத்தில், அதிக நேரம் ஆடினால் எக்ஸ்பி பாதியாகும் என்று வைத்தார்கள், ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். அப்புறம் அதே கணக்கைத் திருப்பி, ஓய்வெடுத்து வந்தால் இரட்டை எக்ஸ்பி என்றார்கள். எல்லாரும் குளிர்ந்துபோனார்கள்!

இரணியல்: நமக்குப் பதிலாக ஆடித்தரும் பாட் புரோகிராம் போடலாமா?

வேண்டாம் மக்கா. பிடித்தால் கணக்கை முடக்குவார்கள். 80 லெவல் வரை ஏற்றிய என் கணக்கு அப்படித்தான் போயிற்று.